கசாக் பள்ளத்தாக்கின் செம்மண்: ஒரு திராட்சைத் தோட்டமும் ஓர் ஊர்த் தேர்தலும்

2001 மார்ச்சில் தெற்கு பிரான்ஸின் அனியான் என்ற ஊரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. மோன்பெலியே நகரிலிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் வரும் ஊர். அப்போது இரண்டாயிரம் சொச்சம் பேர்தான் அங்கே. அந்தத் தேர்தலில் பெரிதாகப் பேசப்பட்ட கேள்வி ஒன்று. ஊரை ஒட்டிய ஆர்புசாஸ் குன்றில், ஊருக்குப் பொதுவான புதர்க்காட்டில் சுமார் ஐம்பது ஹெக்டேரைத் திருத்தி கலிபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவி ஒயின் நிறுவனம் திராட்சை வைக்கலாமா, கூடாதா? வரட்டும் என்று கையெழுத்துப் போடத் தயாராக இருந்த மேயர் ஆந்த்ரே ருயிஸ் தோற்றார். கூடாது என்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் மனுவேல் டியாஸ் ஜெயித்தார். மே மாதத்தில் மொண்டாவிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

கலிபோர்னியாவில் பெயரும் பணமும் குவித்த நிறுவனம், உலகத்தில் எவ்வளவோ இடம் இருக்க, இந்த முள்ளும் கல்லுமான குன்றின் மேல் ஏன் கண் வைத்தது? பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பம் முப்பது வருடமாகச் செய்து காட்டிய ஒரு காரியம்தான் காரணம். அந்தக் குடும்பம் கிபேர் குடும்பம். அவர்களுடைய தோட்டம் மாஸ் தெ தோமாஸ் கசாக். மொண்டாவியை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் ஒருவர் அதே தோட்டத்தின் சொந்தக்காரர் எமே கிபேர். இந்த முரணை அவிழ்த்தால், ஒயின் உலகம் ஓயாமல் உச்சரிக்கும் 'தெருவார்' என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது கொஞ்சம் பிடிபடும்.

தெருவார் என்பதை 'மண்வாசனை' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. நமக்குத் திணை என்றொரு சொல் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அங்கே விளைவதும் வாழ்வதும் கருப்பொருள்; அங்குள்ளவர்களின் நடத்தை உரிப்பொருள். பிரெஞ்சுக்காரர்கள் தெருவார் என்று சொல்லும்போது ஏறக்குறைய இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் விளம்பரத் தாள்களில் முதற்பொருள் மட்டும் மிஞ்சும்: கல், மண், காற்று, வெயில். மனிதர்கள் செய்த முடிவுகள் அதில் காணாமல் போய்விடும்.

தோலும் பாலாடைக்கட்டியும்

எமே கிபேர் ஒயின்காரர் அல்ல. லார்சாக் பீடபூமியின் அந்தப் பக்கம் உள்ள மியோ ஊரில் தோல் தொழில் செய்த குடும்பம். மியோ கையுறைக்குப் பெயர்போன ஊர். அதற்கொரு காரணம் உண்டு: பக்கத்து ஊரான ரோக்ஃபோரில் செம்மறி ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். பால் மனிதருக்கு வேண்டும் என்பதால் குட்டிகளைச் சீக்கிரமே வெட்டிவிடுவார்கள். அந்தக் குட்டிகளின் மெல்லிய தோல் கையுறையாகும். ரோக்ஃபோர்ப் பாலாடைக்கட்டிக்கு 1925-லேயே சட்டப் பாதுகாப்பு வந்தது. ஒரு பொருளின் பெயர் ஓர் இடத்துக்கு மட்டுமே சொந்தம் என்ற எண்ணத்தைப் பிரான்ஸ் ஒயினுக்கு நாடு தழுவிய சட்டமாக்கியது அதற்குப் பத்து வருடம் கழித்து, 1935-ல். அந்தச் சட்டம் கிபேருக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

1970-ல் எமேயும் அவர் மனைவி வெரோனிக்கும் அனியானுக்கு அருகில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினார்கள். தோமாஸ் என்பது அதை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். மாஸ் என்றால் தெற்கத்திப் பேச்சில் பண்ணை வீடு. கசாக் அதன் பக்கத்தில் ஓடும் சிற்றாறு. வெரோனிக் இனவரைவியல் படித்தவர். இருவருக்கும் வீடும் ஆறும் காடும்தான் பிடித்திருந்தன. நிலத்தில் என்ன பயிர் வைப்பது என்ற திட்டம் அப்போது உறுதியாக இல்லை.

1971-ல் நண்பர் ஒருவர் வந்தார். ஆன்ரி ஆன்ஜல்பேர், போர்தோ பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர், திராட்சை மண்ணைப் பற்றியே வாழ்க்கை முழுக்க யோசித்தவர். அவர் மண்ணைப் பார்த்துவிட்டு, பெரிய ஒயினுக்கு ஏற்ற இடம் இது என்றார். கூடவே, உலகம் அதை ஒப்புக்கொள்ள இருநூறு வருடம் ஆகலாம் என்றும் சொன்னாராம். அந்தக் குடும்பம் இந்தக் கதையை ஒவ்வொரு விருந்தாளியிடமும் சொல்லும். இருநூறு வருடம் ஆகவில்லை, பதினொரு வருடம்தான் ஆனது என்பதில்தான் அவர்களுக்குச் சுவாரசியம்.

அந்தச் சொல் எவ்வளவு துணிச்சலானது என்று புரிய, அனியான் இருக்கும் தெற்கத்தி வட்டாரமான லாங்டாக் அன்று எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பிரான்ஸின் மலிவு ஒயின் கிடங்கு அது. 1860-களில் வந்த பில்லோக்சரா பூச்சி கொடிகளின் வேரைத் தின்று தீர்த்த பிறகு, மலைச் சரிவுகளை விட்டுவிட்டுச் சமவெளியில் அராமோன் போன்ற கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ரகங்களை வைத்தார்கள். ஹெக்டேருக்கு இருநூறு முந்நூறு ஹெக்டோலிட்டர் கூட எடுத்தார்கள். ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர். விலை சரிந்தது. 1907 ஜூனில் மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. 1976 மார்ச்சில்கூட மோன்ரெதோனில் துப்பாக்கிச் சண்டை. ஒரு திராட்சை விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் செத்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தொட்டியில் பழத்தைக் கொட்டிவிட்டு எடைக்கும் சாராய அளவுக்கும் காசு வாங்கிப் போகும் ஊரில், ஒரு கையுறைக்காரரிடம் உன் நிலத்தில், ஒயினுக்குப் பெயர்போன போர்தோவுக்கு நிகரான ஒயின் வரும் என்றால் யார் நம்புவார்கள்?

மண் என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

ஆன்ஜல்பேர் பார்த்த மண் சிவப்பு. மாவு போலப் பொடிந்தது, ஆழமானது. பனியூழிகளில் காற்று கொண்டுவந்து சுண்ணாம்புப் பாறையின் மேல் படியவைத்தது என்பது அவர் விளக்கம். ஆல்ப்ஸ் பனியூழிகளுக்குப் புவியியலார் பழைய முறையில் கொடுத்த ரிஸ், மிண்டல், குன்ஸ் என்ற பெயர்கள் தோட்டத்தின் கையேடுகளில் மந்திரம் போல வரும். இரும்பு, செம்பு, ஏன் தங்கத்தின் ஆக்சைடு வரைக்கும் இருக்கிறது என்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாறையில் உள்ள உலோகம் வேர் வழியாக ஏறிக் கோப்பையில் சுவையாக வந்து நிற்பதில்லை. கொடி உறிஞ்சுவது கரைந்த உப்புகளை, அதுவும் மிகக் கொஞ்சமாக. இரும்பு மண்ணில் விளைந்த ஒயினில் இரும்பு ருசி என்பது கற்பனை. அப்படியானால் மண்ணால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் தண்ணீர் வழியாக. இந்த மண்ணில் மக்கு குறைவு, சத்து குறைவு. மழை பெய்தால் தண்ணீர் மேலே தேங்காமல் கீழே இறங்கிவிடும். கொடிக்கு வேறு வழியில்லை; வேரை ஆழத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆழத்தில் ஈரம் இருப்பதால் ஆகஸ்ட் வெயிலில் இலை சுருண்டு பழம் பாதியில் நிற்பதில்லை. மேலே சத்து இல்லாததால் இலையும் தண்டுமாக மதமதவென்று வளர்வதும் இல்லை. காய் சின்னது, தோல் தடிமன், சாறு குறைவு. நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன.

என் கணிப்பில் மண்ணைவிடப் பெரிய விஷயம் காற்று. கசாக் ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. வடக்கே எண்ணூறு மீட்டர் உயரத்தில் லார்சாக் பீடபூமி. இரவில் அங்கே குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தாக்கு வழியாக வழிந்து இறங்குகிறது. தோட்டத்திலிருந்து மத்தியதரைக் கடல் ஒன்றும் வெகு தூரமில்லை, பகலில் வெயில் கொளுத்தும். ஆனால் இரவு கடற்கரைச் சமவெளியின் இரவு அல்ல. கொடி பூப்பதும் பழுப்பதும் சமவெளியைவிடத் தாமதம். மெதுவாகப் பழுக்கும் பழத்தில் புளிப்பு தங்கும். புளிப்பு இல்லாத தெற்கத்தி ஒயின் ஜாம் போலத் தித்தித்து அடங்கிவிடும், இது நிற்கிறது. ஒயின் செய்யும் கட்டடத்துக்கும் இந்தக் குளிர் உதவியது. ரோமானியர் காலத்து மில் ஒன்றின் மிச்சத்தில் அமைந்த அந்த நிலவறையின் தரைக்கு அடியில் குளிர்ந்த ஊற்று ஓடுகிறது. நொதிக்கும் சாறு கொதித்துக் கெடாமல் காப்பாற்ற ஆரம்ப காலத்தில் அதுவே பெரிய துணை.

சரி, இப்போது கருப்பொருளுக்கு வருவோம். இடம் குளிர்ச்சியானது என்று தெரிந்ததும் கிபேர் எடுத்த முடிவுதான் இந்தத் தோட்டத்தின் தலையெழுத்து. ஊரில் எல்லோரும் வைத்திருந்த கரின்யானையும் கிரனாஷையும் விட்டுவிட்டு, போர்தோவின் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சை ரகத்தை வைத்தார். 1972 முதல் நடவு. நர்சரிகளில் அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்த, ஒரே தாய்க்கொடியிலிருந்து நகலெடுத்த அதிக மகசூல் கன்றுகளை வாங்கவில்லை. போர்தோவின் பழைய தோட்டங்களிலிருந்து பல கொடிகளின் குச்சிகளைக் கலந்து எடுத்து வந்தார். ஒவ்வொரு கொடியும் அண்ணன் தம்பி போலச் சற்றே வேறு. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சிவப்பில் பெரும்பங்கு கபர்னே. மீதிக்கு மெர்லோ, தனா, கபர்னே பிராங்க், பினோ நுவார், இத்தாலிய நெபியோலோ, தோல்செத்தோ என்று ஒரு சேகரிப்பாளரின் ஆசையோடு பல ரகம். 1986-லிருந்து வெள்ளை ஒயினும் வந்தது: வியோனியே, ஷார்தொனே, பெதி மான்சாங், ஷெனான்.

நட்ட விதமும் கவனிக்க வேண்டியது. குன்றை மொட்டையடித்து ஒரே பரப்பாக நடவில்லை. காரிக் என்று அங்கே சொல்லும் புதர்க்காடு: தைம், ரோஸ்மேரி, காட்டு லாவண்டர், ஜூனிப்பர், குட்டையான ஓக். அதன் நடுவே சிறு சிறு துண்டுகளாகத் திறந்து, இடையில் காட்டை அப்படியே விட்டார்கள். இன்று ஏறக்குறைய ஐம்பது ஹெக்டேர் திராட்சை, காட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. இந்த அமைப்பால் டிராக்டர் ஓட்டுவது தொல்லை, செலவு அதிகம். ஆனால் ஒரு துண்டில் வந்த நோய் அடுத்த துண்டுக்குப் போகக் காட்டைத் தாண்ட வேண்டும். பூச்சியைத் தின்னும் பறவைக்கும் பூச்சிக்கும் பக்கத்திலேயே வீடு இருக்கிறது. ரசாயன உரம் போடுவதில்லை, கையால் அறுக்கிறார்கள். ஒயினில் தைம் மணக்கிறது என்று சுவைப்பவர்கள் எழுதுவார்கள். அது காட்டிலிருந்து வருகிறதா, தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தவரின் மூக்கிலிருந்து வருகிறதா என்று சத்தியம் செய்து சொல்ல நான் தயாரில்லை.

1978-ல் முதல் ஒயின். அதற்குக் கை கொடுத்தவர் எமில் பெய்னோ, போர்தோவின் ஷாதோ மார்கோ போன்ற பெரிய வீடுகளுக்கு ஆலோசனை சொன்ன ஒயின் விஞ்ஞானி. பெயர் தெரியாத இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று பிற்பாடு கேட்டதற்கு, பெரிய ஒயின் ஒன்று பிறக்கும்போது கூட இருக்கும் வாய்ப்பு தமக்கு இதுவரை கிடைத்ததில்லை என்ற பொருளில் பதில் சொன்னதாக வீட்டில் சொல்வார்கள். 1982-ல் கோ-மியோ என்ற உணவு, ஒயின் பத்திரிகை இதை லாங்டாக்கின் லஃபீத் என்று எழுதியது. போர்தோவின் முதல் வரிசைத் தோட்டத்தின் பெயர் அது. அதன் பிறகு விற்பனைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத இடம்

இப்போது அந்த 1935 சட்டம். பெயர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இடத்தைப் பாதுகாப்பதாகச் சொல்கிறது. நடைமுறையில் அது இடத்தின் பழக்கத்தைத்தான் பாதுகாக்கிறது. இந்த ஊரில் இந்த ரகம், இந்த விகிதம் என்று எழுதி வைத்துவிடும். 1985-ல் கோத்தோ துய் லாங்டாக் என்ற பெயருக்கு அங்கீகாரம் வந்தபோது, கபர்னே அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த வட்டாரத்தில் அன்று அதிகம் பேசப்பட்ட ஒயின், சட்டப்படி 'எரோ வட்டார நாட்டு ஒயின்' என்ற கீழ்த்தட்டுப் பெயரில் விற்றது. பக்கத்துக் கூட்டுறவு ஒயினின் பல மடங்கு விலைக்கு, அதே கீழ்த்தட்டுப் பெயரில்.

இது கசாக்குக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இத்தாலியின் டஸ்கனிக் கடற்கரையில், போல்கேரியில், இன்சிசா குடும்பத்தின் சசிக்காயாவும் கபர்னேதான். 1968 அறுவடையிலிருந்து கடைக்கு வந்த அந்த ஒயினுக்கும் 1994 வரை வெறும் மேசை ஒயின் என்ற பெயர்தான். இத்தாலி கடைசியில் இறங்கி வந்து, அந்த ஒரு தோட்டத்துக்கே தனிப் பெயர் கொடுத்தது. பிரான்ஸ் அந்த அளவுக்கு வரவில்லை. பிற்பாடு நாட்டு ஒயின் என்ற வகுப்பே பெயர் மாறியபோது, அனியானையும் பக்கத்து சாங்-கியேம்-லெ-தெசேர் ஊரையும் சேர்த்து ஒரு புவிசார் குறியீடு வந்தது. கசாக் இப்போது அதில் இருக்கிறது. அதே மலையடிவாரத்தில் 2014-ல் தெராஸ் துய் லார்சாக் என்ற உயர்தட்டுப் பெயரும் வந்தது. அதற்குச் சீரா, கிரனாஷ், மூர்வேத்ரு போன்ற தெற்கத்தி ரகங்கள் வேண்டும். கபர்னேக்கு அங்கே இடமில்லை.

இதில் சட்டத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கபர்னே உலகம் முழுக்க முளைக்கிறது. லாங்டாக்கில் எல்லோரும் அதைக் கையில் எடுத்திருந்தால் லாங்டாக் போர்தோவின் நகலாகியிருக்கும். அனியானிலேயே லா கிராஞ்ச் தே பேர் என்ற சிறு தோட்டம் 1992 அறுவடையோடு கிளம்பியது; லோரான் வயே என்பவர் செய்தது. அவர் சீராவையும் மூர்வேத்ருவையும் முன்னால் நிறுத்தி, கபர்னேயைப் பின்னால் வைத்தார். அதுவும் கீழ்த்தட்டுப் பெயரில்தான் விற்றது, அதற்கும் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் வந்தார்கள். ஆக, ஒரே ஊரில் கபர்னேயை நம்பியவரும் ஜெயித்தார், தெற்கத்தி ரகங்களை நம்பியவரும் ஜெயித்தார். இடம் நல்லது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த நல்ல இடத்தில் என்ன வைப்பது என்பதை மட்டும் இடம் சொல்லாது போலிருக்கிறது.

குன்று யாருடையது

மொண்டாவி விவகாரத்துக்குத் திரும்புவோம். அந்த நிறுவனமும் குடும்ப நிறுவனம்தான். ராபர்ட் மொண்டாவி 1966-ல் கலிபோர்னியாவின் நாபாவில் தொடங்கியது. 1993-ல் பங்குச் சந்தைக்குப் போனது. லாங்டாக்கில் அவர்கள் ஏற்கெனவே சில வருடம் ஒயின் வாங்கி விற்றுப் பார்த்துவிட்டுத்தான் சொந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஊருக்கு வாடகை வரும், வேலை வரும், அனியான் என்ற பெயர் அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் என்று மேயர் கணக்குப் போட்டார். கூட்டுறவு விவசாயிகளிலும் ஒரு பகுதி ஆதரித்தது. விலை உயரும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

எதிர்த்தவர்கள் பல தரப்பு. குன்றில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள், காட்டைக் காக்க நினைத்தவர்கள், அமெரிக்க நிறுவனம் என்றாலே கொதித்தவர்கள். காலமும் அப்படி: 1999 ஆகஸ்டில்தான் மியோவில் விவசாயிகள் சங்கத் தலைவர் ஜோசே பொவேயின் ஆட்கள் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். லார்சாக் மேட்டில் ராணுவ முகாமை விரிவாக்குவதை எதிர்த்து ஆட்டுக்காரர்கள் 1971 முதல் 1981 வரை பத்து வருடம் போராடி ஜெயித்த நினைவு இன்னும் உயிரோடு இருந்தது. நிலத்துக்காக எழுந்து நிற்பது அந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. கிபேர் அந்தக் கோபத்துக்குப் பேச்சுத் திறனைச் சேர்த்தார். ஒயின் ஒரு தொழிற்சாலைச் சரக்கல்ல என்பது அவர் வாதம்.

எதிர்த்தரப்பு அவரை விடவில்லை. நீங்களும் வெளியூர்க்காரர்தானே, நீங்களும் இதே காரிக்கைத் திருத்தித்தானே கொடி நட்டீர்கள், போட்டி வந்துவிடும் என்ற பயம்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒயின் தொழிற்சாலைச் சரக்கல்ல என்ற கிபேரின் பதில் எனக்கு முழுதாகத் திருப்தி தருவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிபேர் தன் காசில் வாங்கிய நிலத்தில், காட்டை இடைவெட்டாக விட்டு, வருடத்துக்குக் கொஞ்சமாக நட்டார். மொண்டாவி கேட்டது ஊர்ப் பொது நிலம், அதுவும் ஒரே வீச்சில். மண் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்து மண்ணே. புவியியலாளர் கண்ணில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். ஊர்க்காரர் கண்ணில் இரண்டும் வேறு. முப்பது வருடம் முன்பு ஆன்ஜல்பேர் மண்ணைக் கிள்ளிப் பார்த்தபோது தெரியாத ஒரு பகுதி இதுதான்: ஒரு குன்றைத் தெருவார் என்று அழைப்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே பன்றி வேட்டையும் விறகும் நடைபாதையுமாக வேறொரு திணை இருந்திருக்கும்.

கிபேருக்கும் கூட்டுறவுக்காரர்களுக்கும் எப்போதும் பகை என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் கொடிகளைப் பிடுங்கினால் பணம் தருகிறேன் என்ற காலத்தில், வில்வெராக் கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து பழைய கொடிகளைப் பிடுங்காமல் வைத்திருக்கச் சொல்லி, அவற்றின் பழத்தில் மூலான் தெ கசாக் என்ற சிக்கன விலை ஒயினைத் தொடங்கினார். தோட்டத்தின் பெரிய ஒயினை வாங்க முடியாதவர்கள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான்.

அனியானை விட்டுப் போய் மூன்று வருடம் கழித்து, 2004-ல் மொண்டாவி நிறுவனமே குடும்பத்தின் கையை விட்டுப் போனது. கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மதுபான நிறுவனம் அதை வாங்கியது. எமே கிபேர் 2016 மே மாதம் தன் 91-வது வயதில் காலமானார். தோட்டத்தை மகன் சாமுவேல் தன் சகோதரர்களோடு நடத்துகிறார். பெரிய நிறுவனம் எதுவும் உள்ளே வரவில்லை.

2019 ஜூன் 28 அன்று, அதே எரோ மாவட்டத்தின் வெரார்க் கிராமத்தில் வெப்பம் 46 டிகிரியைத் தொட்டது. பிரான்ஸில் பதிவான உச்சம் அது. அன்று அந்த மாவட்டத்தில் பல தோட்டங்களில் இலைகள் தீயில் வாட்டியது போலக் கருகின. காய்கள் கொடியிலேயே வதங்கின. கபர்னேயை இங்கே நடலாம் என்று 1971-ல் முடிவெடுத்தது, இரவில் லார்சாக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றை நம்பித்தான். அந்தக் காற்று இன்னும் இறங்குகிறது. ஆனால் இப்போது அது குளிர்விக்க வேண்டிய பகல்கள் ஆன்ஜல்பேர் பார்த்த பகல்கள் அல்ல. அடுத்த நடவுக்கு எந்தக் கொடியின் குச்சியை எடுப்பது என்பதை இந்தத் தலைமுறை முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பதில் சொல்ல மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் மட்டும் போதாது.